எத்தனை படி தாங்கினான்?

மனிதர்களை நல்லவர், கெட்டவர் என்று இரண்டாகப் பிரித்து வைத்துக்கொள்வது மிகவும் சௌகரியமான ஏற்பாடு. கதை எழுதுகிறவன் அந்தச் சௌகரியத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று பல கூட்டங்களில் நான் பேசியிருக்கிறேன். பேசிவிட்டு வீட்டுக்கு வந்து அதே பிரிவினையைச் செய்துகொண்டும் இருந்திருக்கிறேன். இதை எனக்கு உணர்த்தியவன் ஒரு பையன். உணர்த்த வேண்டும் என்று அவன் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கையில் ஒரு காகித உறையுடன் வந்தான், உறையைக் கொடுத்தான், புறப்படும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மழை விடும்வரை பொழுது போகவேண்டுமே என்று தன் லாப்டாப்பைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினான். அவ்வளவுதான் நடந்தது.

பையன் என் பழைய நண்பர் ஒருவரின் மகன். டிப்ளமா படித்தவன். வண்டிகளுக்கு உதிரிப் பாகம் செய்து கொடுக்கும் ஒரு சிறு தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருக்கிறான். ஓசூரில் இத்தகைய பையன்களுக்குக் குறைவே இல்லை. சிப்காட் வந்த பிறகு, எண்பதுகளில் லாரியும் மொபெட்டும் கைக்கடிகாரமும் இங்கே தயாராகத் தொடங்கிய பிறகு, பெரிய ஆலை ஒன்றைச் சுற்றி ஐம்பது சிறு பட்டறைகள் என்கிற கணக்கில் ஊர் வளர்ந்துவிட்டது. பையன் செய்யும் வேலை இது: கடைந்து வரும் பாகத்தின் துளையில் ஓர் அளவுக் குச்சியை விட்டுப் பார்ப்பது. குச்சியின் ஒரு முனை உள்ளே போகவேண்டும். மறு முனை போகக் கூடாது. 'கோ, நோகோ கேஜ்' என்று அதற்குப் பெயர். சரியானது பச்சைப் பெட்டிக்கு, தவறானது சிவப்புப் பெட்டிக்கு. மறுபடி கடைந்து திருத்தலாம் என்று தோன்றுவதற்கு மஞ்சள் பெட்டி ஒன்றும் உண்டு. ஆனால் மஞ்சள் பெட்டி நிரம்பினால் சூப்பர்வைசருக்கு முகம் சிவக்குமாம்.

"எட்டு மணி நேரம் ஆமாம், இல்லை, ஆமாம், இல்லை, இதுதான் மாமா வேலை. அதுக்குத்தான் ராத்திரி வீட்டுக்கு வந்து இதைப் போட்டுப் பாக்கறது" என்றான், திரையைக் காட்டி.

திரையில் இருந்ததை எப்படிச் சொல்வது? நடுவே கறுப்பாக ஒரு வண்டு படுத்திருந்தது. இருதயம் போன்ற உடம்பு, அதை ஒட்டி உருண்டையாக ஒரு தலை, உடம்பெல்லாம் மரு மருவாகச் சின்னச் சின்ன உருண்டைகள். வண்டைச் சுற்றி மயிரிழை மயிரிழையாகக் கிளைத்துப் போகும் மின்னல்கள். அவற்றைச் சுற்றி நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வளையம் வளையமாக நிறங்கள். ஓர் ஓரத்தைச் சுட்டிப் பெரிதாக்கினான். அங்கே கடல் குதிரை வால்கள் சுருண்டு கிடந்தன. ஒரு வாலைப் பெரிதாக்கினான். வாலுக்குள் வால். அதற்குள்ளும் பெரிதாக்கினான். ஆழத்தில், முதலில் பார்த்த அதே கறுப்பு வண்டு குட்டியாகப் படுத்திருந்தது. எனக்கு உண்மையிலேயே மயிர்க்கூச்செறிந்தது.

காப்பி கொண்டுவந்த என் மனைவி எட்டிப் பார்த்து, "மார்கழிக் கோலமாட்டம் இருக்கே" என்றாள்.

அவள் சொன்னது விளையாட்டுப் பேச்சல்ல. எங்கள் தெருவில் ஒரே காரியத்துக்கு மூன்று பெயர். தமிழ் பேசும் வீட்டு வாசலில் அது கோலம். தெலுங்கு வீட்டில் முக்கு. கன்னட வீட்டில் ரங்கோலி. எல்லை ஊரின் வழக்கம் அப்படி. புள்ளி வைத்து இழை இழுக்கும் அந்த வேலைக்குள் கணக்கு ஒளிந்திருக்கிறது என்று முதலில் கம்ப்யூட்டர் உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களும் நம் நாட்டவர்களே. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, அவர்களோடு கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் 1974இல் கோலத்தின் இலக்கணத்தைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். சில சிறு விதிகளைத் திரும்பத் திரும்பப் போட்டால் பெரிய கோலம் தானே வளரும் என்று காட்டினார்கள். பையன் காட்டிய படமும் ஒரு விதியைத் திரும்பத் திரும்பப் போட்டு வந்ததுதான். ஒரு வித்தியாசம் உண்டு. சிக்குக் கோலம் போடுகிறவள் ஒரு புள்ளியையும் விட்டுவிடுவதில்லை. எல்லாவற்றையும் இழையால் அணைத்துக்கொண்டு வருவாள். இந்தப் படமோ ஒவ்வொரு புள்ளியையும் நிறுத்தி, "நீ இருப்பாயா, போய்விடுவாயா?" என்று விசாரணை செய்கிறது.

விசாரணை எப்படி நடக்கிறது என்று கேட்டேன். நான் கணக்கில் புலியல்ல. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன். ஆனாலும் அவன் சொன்னது எனக்கே புரிந்துவிட்டது.

ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. பூஜ்யத்திலிருந்து தொடங்கவேண்டும். கையில் இருக்கும் எண்ணை அதனாலேயே பெருக்கி, புள்ளியின் எண்ணைக் கூட்டவேண்டும். வந்த விடையை மறுபடி அதனாலேயே பெருக்கி, மறுபடி அதே எண்ணைக் கூட்டவேண்டும். இப்படியே படிப்படியாக. புள்ளியின் எண் 1 என்றால் 0, 1, 2, 5, 26, 677 என்று ஓடிவிடும். அதைப் பிடிக்க முடியாது. புள்ளியின் எண் கழித்தல் 1 என்றால் 0, -1, 0, -1 என்று ஊஞ்சல் ஆடிக்கொண்டு வீட்டிலேயே கிடக்கும். திரையின் அகலத்துக்கு ஓர் எண், உயரத்துக்கு ஓர் எண் என்று இரண்டையும் ஒன்றாகக் கட்டிய கலப்பெண்தான் உண்மையில் புள்ளியின் விலாசம்; அதைப் பெருக்குவதற்குத் தனி முறை உண்டு. அந்த நுணுக்கம் நமக்கு வேண்டாம். விதி ஒன்றுதான். பூஜ்யத்திலிருந்து இரண்டு என்ற தூரத்தைத் தாண்டிவிட்டால் அந்தப் புள்ளி இனி ஒருநாளும் திரும்பாது என்பது நிரூபிக்கப்பட்ட விஷயம். ஆகவே புரோகிராம் ஒவ்வொரு படியிலும் அதை மட்டும் பார்த்துக்கொள்கிறது. போகாமல் தங்குகிறவற்றுக்குக் கறுப்பு. போனவற்றுக்கு நிறம். முழுப் புரோகிராமும் முப்பது வரிகூட இல்லை.

இந்த மாதிரிப் பெருக்கல் விளையாட்டைக் கம்ப்யூட்டர் பிறக்கும் முன்பே ஆராய்ந்தவர்கள் இருந்தார்கள். முதல் உலகப் போரில் மூக்கை இழந்த காஸ்டன் ஜூலியா என்ற பிரெஞ்சுக்காரர் 1918இல் இதைப் பற்றிப் பெரிய நூல் அளவுக்கு எழுதினார். அவருக்குப் படம் பார்க்கும் பாக்கியம் அன்று கிடைக்கவில்லை. 1978இல் புரூக்ஸ், மாடல்ஸ்கி என்ற இருவர் நட்சத்திரக் குறிகளை அச்சடித்து இந்த வண்டின் முதல் உருவத்தைக் காட்டினார்கள். வார்ஸாவில் 1924இல் பிறந்து, பிற்பாடு அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனியில் வேலை பார்த்த பெனுவா மாண்டெல்பிராட் 1980இல் அதை விரிவாக ஆராய்ந்தார். அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. எவ்வளவு கிட்டப் போனாலும் அதே சிடுக்கைக் காட்டும் இத்தகைய வடிவங்களுக்கு 1975இல் 'ஃபிராக்டல்' என்று பெயர் வைத்தவரும் அவரே. 1985 ஆகஸ்டில் ஓர் அமெரிக்க விஞ்ஞானப் பத்திரிகையின் அட்டையில் இந்தப் படம் வந்த பிறகு, வீட்டில் சின்னக் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களெல்லாம் இரவு முழுவதும் அதை ஓடவிட்டுக் காலையில் எழுந்து பார்க்கத் தொடங்கினார்கள்.

இவ்வளவும் சரித்திரம். என்னைப் பிடித்துக்கொண்டது வேறு ஒரு விஷயம். "போனவற்றுக்கெல்லாம் ஒரே நிறம் பூசாமல் ஏன் இத்தனை நிறம்?" என்று கேட்டேன்.

"எத்தனாவது படியில போச்சுங்கறதுதான் மாமா நிறம். மூணாவது படியிலேயே ஓடிட்டா நீலம். இருபது படி தாக்குப்பிடிச்சா பச்சை. எழுநூறு படி நின்னு அப்புறம் போனா சிவப்பு. கறுப்புக்குப் பக்கத்துல போகப் போக ரொம்ப நேரம் போராடிட்டுத்தான் போகும்" என்றான்.

பிறகு நிறத்தை எடுத்துவிட்டுக் காட்டினான். தங்கினது கறுப்பு, போனது வெள்ளை. வண்டு மட்டும் மிஞ்சியது. வாலும் மின்னலும் மறைந்து போயின. அங்கங்கே கறுப்புப் பொட்டுகள் தூசி மாதிரி தனித்தனியே கிடந்தன. மாண்டெல்பிராட் முதலில் பார்த்ததும் இந்தத் தூசியைத்தான். இவையெல்லாம் தாய் வண்டிலிருந்து துண்டாகிப் போன தீவுகள் என்றே அவர் முதலில் நினைத்தார். 1982இல் தூவாடி, ஹப்பர்ட் என்ற இரு கணித அறிஞர்கள் ஒரு தீவுகூடத் துண்டாகவில்லை, எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்தே இருக்கின்றன என்று நிரூபித்தார்கள். சேர்க்கும் இழை புரோகிராமின் புள்ளிகளுக்கு இடையே நழுவிவிடும் அளவுக்கு மெல்லியது. கறுப்பு வெள்ளையில் அது கண்ணில் படாது. நிறம் பூசினால், 'இங்கே நெடுநேரம் போராடியிருக்கிறார்கள்' என்கிற அடையாளத்தால் இழை ஓடும் பாதை தெரிந்துவிடுகிறது.

இந்த இடத்தில்தான் எனக்குச் சுருக்கென்றது. பையன் கொண்டுவந்த உறை மேஜை மேல் கிடந்தது. அதைப் பற்றி இப்போது சொல்லிவிடுகிறேன்.

பையனின் தகப்பனார் சொந்தமாக ஒரு லேத் பட்டறை வைத்திருந்தார். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், பட்டறையில் கன்னடம் என்று மூன்று பாஷையிலும் சிரிக்கத் தெரிந்தவர். என்னிடம் இரண்டு தடவை கடன் வாங்கிச் சொன்ன தேதிக்குத் திருப்பிக் கொடுத்தார். மூன்றாவது தடவை, 2018இல், ஒன்றரை லட்சம் வாங்கினார். 2019இல் நாடெங்கும் வண்டி விற்பனை படுத்துவிட்டது, ஆர்டர்கள் நின்றன. தீபாவளிக்குத் தருகிறேன் என்றார், தரவில்லை. பொங்கலுக்கு என்றார், தரவில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அதன் பிறகும் இரண்டு தேதி சொன்னார். என் டைரியில் நான்கு தேதிகளும் இருக்கின்றன. நாலாவது தேதியும் பொய்த்த அன்று, டீக்கடையில் நாலு பேருக்கு நடுவே, "அந்த ஆள் அவ்வளவுதான். வாக்குன்னா என்னன்னு தெரியாத ஜன்மம்" என்று சொல்லிவிட்டேன். எங்கள் ஊரில் டீக்கடையில் சொன்னது பஸ்ஸைவிட வேகமாகப் போகும். அவர் காதுக்கு எட்டியது. பதில் சொல்லவில்லை. லேத்தை விற்றார், பாங்குக் கடனுக்கே அது சரியாகப் போயிற்று. ஜுஜுவாடியைத் தாண்டி, அத்திப்பள்ளிப் பக்கத்தில் யாரோ ஒருவருடைய பட்டறையில் கூலிக்கு வேலை செய்யப் போய்விட்டார். அரை மணி நேரப் பஸ் பயணம்தான். நான் போகவில்லை; அவரும் வரவில்லை.

2022லிருந்து இந்த உறைகள் வருகின்றன. ஒவ்வொன்றிலும் ஐயாயிரம். சில சமயம் மாதா மாதம், சில சமயம் ஐந்து மாதத்துக்கு ஒன்று. பையன் கொண்டுவந்து கொடுப்பான். நான் வாங்கி வைப்பேன். 'கடனைக் கொடுக்க வேண்டியதுதானே' என்பதற்கு மேல் நான் அதைப் பற்றி நினைத்ததில்லை. பொய்த்துப் போன தேதிகள் நான்கையும் எழுதி வைத்தவன், வந்த உறைகளை எழுதி வைக்கவில்லை. அன்று இரவு எத்தனை என்று யோசித்துப் பார்த்தேன், தெரியவில்லை. என் மனைவி பால் கணக்கு நோட்டைக் கொண்டுவந்தாள். பின் அட்டையில் கோடு கோடாகப் போட்டிருந்தாள். பதினேழு.

நான் நான்காவது படியில் கணக்கை மூடிவிட்டேன். மூடியதோடு, 'போய்விட்டான்' என்று வெள்ளை பூசியும்விட்டேன். அதற்குப் பிறகு அந்த மனிதர் எத்தனை படி ஏறினார் என்பதை என் படம் காட்டாது.

இதில் ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. 'எத்தனை படி தாங்கினான் என்று பார்த்துக்கொண்டிருந்தால் உலகம் நடக்குமா? போனவன் போனவன்தானே?' சரியான கேள்வி. பையனின் தொழிற்சாலையில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. பிரேக்குக்குப் போகும் பாகத்தில் துளை பெரிதாகிவிட்டால் அதைக் கடைந்த தொழிலாளியின் வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொல்லி அதைப் பச்சைப் பெட்டியில் போட முடியாது. வண்டியில் ஏறுகிறவனும் ஒரு குழந்தைக்குத் தகப்பன். அங்கே இரண்டு பெட்டி நியாயமே தர்மம். நண்பர் விஷயத்திலும், கொடுத்த வாக்கு தவறியது தவறியதுதான். என் பணம் வராததால் நானும் கஷ்டப்பட்டேன். நிறம் பூசுவதால் வெளியே போன புள்ளி உள்ளே வந்துவிடுவதில்லை. கணக்கு அதை மிகக் கண்டிப்பாகச் சொல்கிறது.

ஆனால் இரும்பை எடை போடும் முறையை மனிதனுக்கும் வைத்துக்கொண்டால், தீர்ப்பு சரியாகவே இருந்தாலும் அறிவு குறைவாக இருக்கிறது. மூன்றாவது படியில் சிரித்துக்கொண்டே ஓடியவனும், எழுநூறு படி பல்லைக் கடித்துக்கொண்டு நின்று, பிறகு கால் வழுக்கியவனும் சட்டத்தின் கண்ணில் ஒன்று. வேலைக்காரியின் கைவிரலில் மோதிரம் கிடைத்தால் திருட்டு திருட்டுதான். அதற்கு முன் எத்தனை நாள், எத்தனை தடவை, அந்த மேஜையைத் துடைத்துவிட்டு மோதிரத்தைத் தொடாமல் வந்தாள் என்பதை யார் எண்ணினார்கள்? எண்ணினவர்கள் யாருமில்லை என்பதற்காக அந்த நாட்கள் நடக்காமல் போய்விடவில்லை.

தங்கினவர்கள் விஷயத்திலும் இந்தப் படம் ஓர் அடக்கத்தைக் கற்றுக் கொடுக்கிறது. பையன் ஓர் உதாரணம் சொன்னான். புள்ளியின் எண் 0.25 என்றால் அது ஒருநாளும் வெளியே போகாது. 0.5ஐ நோக்கி நெருங்கி நெருங்கி அடங்கிவிடும். 0.26 என்றால்? 0.26, 0.33, 0.37, 0.39, 0.42 என்று ஆமை மாதிரி நகரும், 0.5க்கு அருகே வந்து தயங்கும். பிறகு மெல்லத் தாண்டி முப்பது படிக்குள் ஓடிவிடும். 0.2501 என்றால் 312 படி ஆகும். 0.250001 என்றால் 3,140 படி. இந்த எண்ணிக்கைகளில் வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள 3.14 என்ற விகிதம் தலை காட்டுவதை 1991இல் டேவ் பால் என்ற அமெரிக்க மாணவர் தற்செயலாகக் கண்டார் என்பது தனி ஆச்சரியம். நான் கவனித்தது இன்னொன்று. நாம் கம்ப்யூட்டரிடம், "நூறு படி வரையில் பார், அதற்குள் போகாவிட்டால் கறுப்புப் பூசிவிடு" என்று சொல்லியிருந்தால் 0.2501க்குக் கறுப்பு விழும். 'இவன் நல்லவன், நம்மவன்' என்று ஆகிவிடும். முந்நூறாவது படிக்கு மேல் அவன் போகப்போவது நமக்குத் தெரியாது.

ஆகவே பெரும்பாலான கறுப்புக்கு அர்த்தம் 'தங்கிவிட்டது' என்பதல்ல. 'நாங்கள் பார்த்த வரையில் போகவில்லை' என்பதே. போனதை நிச்சயமாகச் சொல்லலாம். தங்கியதை வெறுமே எண்ணி நிச்சயப்படுத்த முடியாது. என்னை நானே கறுப்பில் வைத்துக்கொண்டிருந்தேனே, எந்தத் தைரியத்தில்? எனக்கு ஒன்றரை லட்சம் கடன் வந்ததில்லை. ஆர்டர் நின்றுபோன பட்டறை இருந்ததில்லை. வாக்கைக் காப்பாற்ற முடியாத நிலை என்னைத் தேடி வந்ததில்லை. என் படிகள் இன்னும் முப்பதுகூட ஆகவில்லையோ என்னவோ. 0.25க்கும் 0.2501க்கும் இடையே உள்ள தூரத்தைத் திரையில் காட்டச் சொன்னேன். இரண்டும் ஒரே புள்ளியில் அடங்கிவிட்டன.

என் மனைவிக்கு வேறு ஒரு குறை இருந்தது. "போறவங்களுக்கெல்லாம் இத்தனை நிறம். பேசாம வீட்டோட இருக்கறதுங்களுக்கு மட்டும் ஒரே கறுப்பா?" என்று கேட்டாள்.

பையன் சிரித்தான். "அதுக்கும் வழி இருக்கு அத்தை. உள்ள இருக்கறதும் ஒண்ணு போல ஒண்ணு இல்ல. சிலது ரெண்டு படிக்கு ஒரு தரம் பழைய இடத்துக்கு வரும், சிலது மூணு படிக்கு ஒரு தரம். அதைப் பாத்துப் பூசலாம். யாரும் அவ்வளவு சிரமப்படறதில்ல. ஆனா ஒண்ணு, கம்ப்யூட்டருக்கு அதிக நேரம் பிடிக்கறதே இந்தக் கறுப்புக்குத்தான். ஓடினதை உடனே விட்டுடும். ஓடாததைத்தான் ஆயிரம் படி வரைக்கும் பாத்துட்டே இருக்கணும்."

என் மனைவி என்னைப் பார்த்தாள். என் நாவல்களில் வீட்டை விட்டு ஓடியவர்களுக்கும் வாக்குத் தவறியவர்களுக்கும் எத்தனை அத்தியாயம், தங்கியவர்களுக்கு எத்தனை பக்கம் என்று அவளுக்குத் தெரியும். நான் காப்பியைக் குடித்தேன்.

மழை குறையத் தொடங்கியபோது பையன் இன்னொரு வேடிக்கை செய்தான். ஒரு விசையை அமுக்கினான். நீலமெல்லாம் சிவப்பு, சிவப்பெல்லாம் நீலம். சற்று முன் குளத்துத் தண்ணீர் மாதிரி அமைதியாக இருந்த படம் தீப்பற்றிக்கொண்டது. மறுபடி அமுக்கினான். எல்லாம் சாம்பல். அதே வண்டுதான், அதே வால்தான். எனக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் மனசு வேறாயிற்று.

"அப்படியானால் இந்த நிறமெல்லாம் பொய்தானே?" என்றேன்.

"பொய் இல்ல மாமா. எண்ணிக்கை நிஜம். எந்த எண்ணிக்கைக்கு எந்தச் சாயம்ங்கறது மட்டும் நம்ம இஷ்டம்."

என் தொழிலுக்கு இதைவிடச் சுருக்கமான இலக்கணத்தை நான் கேட்டதில்லை. கதை எழுதுகிறவனுக்குச் சாயம் பூசும் உரிமை உண்டு. ஒரு மனிதனின் வீழ்ச்சியைத் தீயாகவும் காட்டலாம், சாம்பலாகவும் காட்டலாம். ஆனால் அவன் எத்தனை படி தாங்கினான் என்ற எண்ணிக்கையில் கை வைக்க அவனுக்கு உரிமை இல்லை. நாலு படியை நானூறு என்று எழுதினால் அது வெறும் இரக்க வியாபாரம். நானூறு படியை நாலு என்று எழுதினால் அது அவதூறு. டீக்கடையில் நான் செய்தது இரண்டாவது. அதைக் கதையில் செய்திருந்தால் விமர்சகர்கள் பிடித்திருப்பார்கள். வாழ்க்கையில் செய்ததால் தப்பித்துக்கொண்டேன்.

இந்த ஒப்புமையை அளவுக்கு மிஞ்சி இழுக்கவும் கூடாது. புள்ளிக்கு அதன் விதி பிறக்கும்போதே எழுதியாகிவிட்டது. இரண்டைத் தாண்டினால் திரும்ப வழியில்லை. மனிதனுக்கு அப்படி ஒரு விதி இருப்பதாக எந்தக் கணித அறிஞரும் நிரூபிக்கவில்லை. எல்லையைத் தாண்டிப் போனவன் ஐயாயிரம் ஐயாயிரமாகத் திரும்பி நடந்து வருவதை நான் என் மேஜையின் மேலேயே பார்த்தேன். கம்ப்யூட்டர், புள்ளி இரண்டைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்திக்கொள்கிறது. அதற்கு அது நியாயம். மனிதனை எண்ணுகிறவன் அங்கே நிறுத்தினால் பாதிக் கணக்குத்தான் கிடைக்கும்.

எல்லை ஊரில் இருக்கிறவனுக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். சென்னை மாகாணத்துக்கும் மைசூர் சமஸ்தானத்துக்கும் நடுவே இருந்த கோடு இது. 1956இல் மொழிவாரியாக மாநிலங்களைத் திருத்தி அமைத்தபோதும் ஓசூர் இந்தப் பக்கமே நின்றது. தேசப் படத்தில் அது ஒரு சன்னமான கோடு. கிட்டப் போய்ப் பார்த்தால் கோட்டைக் காணோம். மூன்று பாஷை பேசும் தெருக்களும், இங்கே தூங்கி அங்கே வேலை செய்கிறவர்களும்தான் இருக்கிறார்கள். ரிச்சர்ட்ஸன் என்ற ஆங்கிலேயர் எல்லைகளின் நீளத்தை ஆராய்ந்தபோது, ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் இடையே உள்ள ஒரே எல்லைக்கு 987 கிலோமீட்டர் என்றும் 1,214 கிலோமீட்டர் என்றும் இரண்டு அளவுகள் இருப்பதைக் கண்டார். அளக்கும் கோல் சிறிதாகச் சிறிதாக எல்லை நீள்கிறது. மாண்டெல்பிராட்டின் சிந்தனை தொடங்கிய இடங்களில் அதுவும் ஒன்று. நெடுங்கோலால் அளந்தால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று சுருக்கமாக முடிந்துவிடும். சிறு கோலால் அளக்கிறவனுக்கே எல்லை எவ்வளவு நீளம் என்று தெரியும். சிறு கோலுக்கு நேரம் பிடிக்கும், அதுதான் விலை.

மழை விட்டது. பையன் லாப்டாப்பை மூடினான். "அப்பா எப்படி இருக்கிறார்?" என்று கேட்டேன். இத்தனை உறைகளில் ஒரு தடவைகூட நான் இதைக் கேட்டதில்லை என்பது கேட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. அவனுக்கும் வந்திருக்கவேண்டும், சற்று நின்றான்.

"நல்லா இருக்காரு மாமா. கண்ணுதான் கொஞ்சம் மங்கல். இன்னும் லேத்துலதான் நிக்கறாரு" என்றான்.

அவன் போன பிறகு டைரியை எடுத்தேன். நான்கு தேதிகளுக்குக் கீழே பதினேழு கோடுகளைப் போட்டேன். அன்று வந்த உறைக்கும் சேர்த்துப் பதினெட்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அத்திப்பள்ளிப் பட்டறைகளுக்கு விடுமுறை. அவரிடம் போய் 'மன்னித்தேன்' என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. 'எண்ணுவதைச் சீக்கிரம் நிறுத்திவிட்டேன்' என்று சொல்லலாம். அதைச் சொல்ல அரை மணி நேரப் பஸ் பயணம் போதும். அந்த அரை மணி நேரத்துக்கு எனக்கு நாலு வருஷம் பிடித்திருக்கிறது. என் நிறம் எது என்பதை வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.